பழைய அடுப்படிக் கதவுகளை மட்டும் மாற்றுவது: மரச் சட்டம் தாங்குமா?

(இணையத்தில் நடந்த கேள்வி பதில். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

அம்மாபேட்டை அடுப்படி:

வணக்கம்ங்க. சேலம் அம்மாபேட்டையில 1996ல கட்டுன வீடு. அடுப்படி மேடைக்குக் கீழ கடப்பா கல் தட்டு, நடுநடுவுல நிறுத்தி வச்ச கடப்பா கல் தடுப்பு, முன்னாடி கோங்கு மரச் சட்டம். சட்டத்தோட முகம் 2½ அங்குலம், ஆழம் 1½ அங்குலம். கதவுகள் சட்டத்துக்கு உள்ள அடங்குற மாதிரி, பிளாக் போர்டுல (உள்ள மரக்கட்டை அடுக்கின பலகை) பிரவுன் மைக்கா ஒட்டினது. ஓரமெல்லாம் பேந்துருச்சு, கீல் ஸ்குரூ சுத்திக்கிட்டே இருக்கு.

மாடுலர் போடற எண்ணம் இல்லைங்க. கல்லும் சட்டமும் இருக்கட்டும், கதவையும் வெளியில தெரியற இடத்தையும் மட்டும் நாமளே புதுசாக்கணும். அளவு (திறப்பு, மி.மீ.ல, அகலம் × உயரம்):

கீழ: 730 × 654 அஞ்சு திறப்பு, எல்லாம் ரெட்டைக் கதவு. சிலிண்டர் வைக்கிற இடம் 425 × 654, ஒத்தைக் கதவு.
பரண்: 1090 × 500 மூணு திறப்பு, ரெட்டைக் கதவு.

சந்தேகம் நாலு. பழைய மைக்கா மேலயே புது மைக்கா ஒட்டலாமா? இந்தச் சட்டத்துல ஆட்டோ கீல் (உள்பக்கம் மறைஞ்சு, கதவைத் தானா இழுத்து மூடற ஸ்பிரிங் கீல்) நிக்குமா? ஷீட் எத்தனை வாங்கணும்? சிங்க் கீழ இருக்கிற சட்டம் ஊறிப்போய் கறுத்திருக்கு, அதை என்ன பண்றது? டிரில் மெஷினும் ஜிக்சாவும் இருக்கு, டேபிள் ரம்பம் இல்லை.

மூலைமட்டம்:

மைக்கா கலர் பார்க்கக் கடைக்குப் போகும் முன் இரண்டு இடத்தைப் பாருங்க. கதவு இதில் சுலபமான பாகம். சட்டமும் மேடை விளிம்பும்தான் இந்த வேலையை நடத்தும், கெடுக்கும்.

முதலில் சட்டம். ஒரு குத்தூசியால் ஒவ்வொரு நெடுஞ்சட்டத்தையும் அடியிலிருந்து ஓர் அடி உயரம் வரை அங்கங்கே குத்திப் பாருங்க. நல்ல கோங்கு ஊசி முனையைத்தான் உள்ளே விடும். ஊசி அரை அங்குலம் பொசுக்கென்று இறங்கினால் உள்ளே உளுத்திருக்கு, இல்லை செல்லு அரித்திருக்கு. தட்டினால் டொக்கு சத்தம் வரும் இடமும் அதேதான். செல் மண் தடம் கல்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தால் மரத்துக்கான செல் மருந்தை நாள் விட்டு இரண்டு மூன்று பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேல் வேலை. வயலுக்கு அடிக்கும் மருந்தை அரிசி பருப்பு வைக்கிற இடத்தில் அடிக்கிற பழக்கம் வேண்டாம்.

அடுத்தது மேடை விளிம்பு. கிரானைட் முகத்திலிருந்து சட்டத்தின் முகம் எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கு? இதை நீங்கள் எழுதவில்லை. ஏன் கேட்கிறேன் என்றால், இதுவரை கதவு சட்டத்துக்குள் அடங்கி இருந்தது. ஆட்டோ கீல் போட்டால் கதவு சட்டத்தின் மேல் ஏறி உட்காரும்.

ஆட்டோ கீலின் அடித்தகடு சட்டத்தின் உள்பக்கவாட்டில் உட்காரும். அதன் ஸ்குரூ வரிசை முன்முகத்திலிருந்து 37 மி.மீ. தள்ளி வரவேண்டும். கீல் கம்பெனி எதுவானாலும் பெரும்பாலும் இதே கணக்கு. உங்கள் சட்டத்தின் ஆழம் ஒன்றரை அங்குலம், அதாவது 38. ஸ்குரூ மரத்தின் கடைசி விளிம்பில் போய் நிற்கும். முறுக்கும்போதே மரம் பிளக்கும். "ஆட்டோ கீல் பழைய சட்டத்துல நிக்காது"ன்னு நிறைய பேர் சொல்வதன் காரணம் இது ஒன்றுதான். கீலை முன்னால் தள்ளிப் போட்டும் சமாளிக்க முடியாது. கீலில் முன்பின் சரிசெய்ய 2 மி.மீ., 3 மி.மீ. தான் இடம் உண்டு.

வழி என்ன? சட்டத்தின் முன்முகத்தில் 12 மி.மீ. பிளைவுட் பட்டையை, அதே இரண்டரை அங்குல அகலத்தில், ஒட்டி ஸ்குரூ போடுங்க. அதன்மேல் 1 மி.மீ. மைக்கா. இப்போது 37ல் 13 போக, ஸ்குரூ பழைய மரத்துக்குள் 24 மி.மீ.ல் விழும். 38 ஆழ மரத்துக்கு அது ஏறக்குறைய நடு. பிடிப்பும் கிடைக்கும், கறை படிந்த பழைய முகமும் மறையும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பட்டை 12, மைக்கா 1, கதவு 20 (18 மி.மீ. பிளைவுட், இரண்டு பக்க மைக்கா சேர்த்து), நடுவில் ரப்பர் பொட்டு 1. ஆகமொத்தம் கதவின் முகம் பழைய சட்ட முகத்தைவிட 34 மி.மீ. வெளியே வரும். கிரானைட் விளிம்பு 38க்குக் குறையாமல் இருந்தால் சரி. 25 தான் என்றால் கதவு கிரானைட்டைத் தாண்டி நீட்டும். மேடையைத் துடைக்கும் தண்ணீரும் வழிகிற தோசை மாவும் கதவின் மேல் ஓரத்தில் நேராக இறங்கும். எவ்வளவு நல்ல பிளைவுட் போட்டாலும் அந்த ஓரம் முதலில் போகும். அளந்து சொல்லுங்க.

பட்டை ஒட்டும் முன் பழைய எனாமல் பெயின்டைச் சுரண்டணும். வெள்ளைப் பசை மரத்தில் ஊறித்தான் பிடிக்கும், பெயின்ட் மேல் பிடிக்காது. 1996 பெயின்ட் என்பதால் எச்சரிக்கை: வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய எனாமலில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்க. காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாமல், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்க. ஹீட் கன் காட்டிக் கருக்க வேண்டாம். முகமூடி போடணும், குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது, தேய்த்த சேற்றை ஈரத்துணியால் வழித்துக் கவரில் கட்டி எறியணும். முழுக்க மரம் தெரிய வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி மரம் தெரிந்தால் போதும், மிச்சத்தை ஸ்குரூ பிடிக்கும். 8 அங்குலத்துக்கு ஒன்றாக 30 மி.மீ. ஸ்குரூ, தலை உள்ளே பதியும்படி.

பட்டைகளுக்குள் நூல் பிடித்துப் பாருங்க. பழைய சட்டம் ஒரே நேரில் இருக்காது. உள்வாங்கிய இடத்தில் பட்டைக்குப் பின்னால் மைக்கா துண்டை வைத்துத் தூக்குங்க. இங்கே ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தப்பினால் கதவில் அது இரண்டு நூலாகத் தெரியும்.

நாலு நூல்:

மூலைமட்டம் அண்ணா சட்டத்தைச் சொல்லிட்டாரு. நான் ஷீட் கணக்கைப் போடறேன்.

கதவு ஒவ்வொரு பக்கமும் சட்டத்து மேல 16 மி.மீ. ஏறணும்னு வச்சுக்கங்க. நேர் கீலுக்கு அதான் வசதியான அளவு, கடையில "ஜீரோ கிராங்க்"னு கேளுங்க. ரெட்டைக் கதவுக்கு நடுவுல 3 மி.மீ. சந்து.

கீழ்க் கதவு: 730 + 32 − 3 = 759, பாதி 379.5. உயரம் 654 + 32 = 686. சிலிண்டர் கதவு 457 × 686. பரண் கதவு: 1090 + 32 − 3 = 1119, பாதி 559.5. உயரம் 532.

இது முடிஞ்ச கதவோட அளவு. ஓரத்துல 0.8 மி.மீ. எட்ஜ் டேப் ரெண்டு பக்கமும் வரும், அதனால பலகைய வெட்டற அளவுல 1.6 கழிக்கணும்: 378 × 684, 455 × 684, 558 × 530. நிறைய பேர் கோட்டை விடற இடம் இது. டேப்பைக் கழிக்காம வெட்டிட்டு, மாட்டின அப்புறம் ரெண்டு கதவும் முட்டுதுன்னு இழைப்புளி தேடுவாங்க.

எட்டுக்கு நாலு ஷீட் 2440 × 1220. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்னும், ஓரத்தை ரெண்டு பக்கமும் 5, 5 சீவணும். முதல் ஷீட்டுல 378 × 684 மூணுக்கு மூணு, ஒம்போது கதவு. 684 மூணு 2052, வெட்டு 9, ஓரம் 10 போக மிச்சம் 369. பத்தாவதைத் திருப்பிப் போட்டு எடுத்துக்கலாம்னு காகிதத்துல தோணும், ஆனா 378 வேணும், 9 மி.மீ. பத்தாது. ரெண்டாவது ஷீட்டுல பரண் கதவு ஆறும் மேல 1609ல முடிஞ்சுரும். மிச்சம் 831 உயரத்துல அந்தப் பத்தாவது கதவும் சிலிண்டர் கதவும் பக்கம் பக்கமா உக்காந்துரும். ஆக 17 கதவுக்கு 18 மி.மீ. ஷீட் ரெண்டே ரெண்டு. பட்டைக்கு 12 மி.மீ.ல எட்டுக்கு மூணு ஒண்ணு.

மைக்கா: முகத்துக்கு 1 மி.மீ. ரெண்டு, உள்பக்கத்துக்கு 0.8 லைனர் ரெண்டு, பட்டைக்கு 1 மி.மீ. இன்னொண்ணு. எட்ஜ் டேப் சுத்தளவு 37 மீட்டர் கிட்ட வருது, 22 மி.மீ. அகலத்துல 45 மீட்டரா வாங்குங்க. கீல் 34. அதாவது 17 ஜோடி.

உள்பக்க மைக்காவை மிச்சம் பிடிக்காதீங்க. முன்னாடி மட்டும் மைக்கா ஒட்டி, உள்பக்கம் பெயின்ட் அடிச்ச கதவு ஒரு மழைக்காலம் தாண்டாது, வில்லு மாதிரி வளையும். மைக்கா ஒட்டின பக்கம் ஈரத்தை விடாது, ஒட்டாத பக்கம் உறிஞ்சி ஊதும். வளைஞ்சதைக் கீல் ஸ்குரூவுல திருப்பி நேராக்க முடியாது.

பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்க. அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டும் அடுக்கு பிரியக் கூடாது. கடையில ஓரத் துண்டு ஒண்ணு கேட்டு வாங்கி எட்டு மணி நேரம் கொதிக்க வச்சுப் பாருங்க. மட்டமான சரக்கு அதுக்குள்ளயே வாயைப் பிளந்துரும். கொதிக்க வச்ச பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீங்க.

ஜிக்சாவுல கதவு வெட்டாதீங்க. மைக்கா முகம் பல்லு பல்லா பேரும், நேர்கோடும் வராது. முழு ஷீட்டுக்கு ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டி பிரஸ்ல போட்டு, பேனல் ரம்பத்துல அளவுக்கு வெட்டிக் குடுக்கற இடத்துல குடுங்க. வெட்டற அளவை மி.மீ.ல எழுதி, எது உயரம் எது அகலம்னு அம்புக்குறி போட்டுக் குடுக்கணும். மர ரேகை டிசைன்னா கண்டிப்பா. ஒரு கதவுல ரேகை படுத்துக்கிச்சுன்னா அடுப்படிக்குள்ள நுழையறவங்க கண்ணு அங்கதான் போகும்.

மைக்கா மேல மைக்கா ஒட்டறது தப்பில்லை, 80 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு போற வரைக்கும் தேச்சு, தின்னர்ல துடைச்சு, ரப்பர் பசையில ஒட்டினா நிக்கும். ஆனா உங்க கேஸ்ல ஓரம் பேந்து கீல் ஓட்டை சுத்துது. அடி மைக்காவே பலகையை விட்டுக்கிட்டு இருக்கு. அது மேல ஒட்டினா புதுசு பழசைப் பிடிக்கும், பழசு எதைப் பிடிக்கும்?

வீட்டுப்பட்டறை:

ரெண்டு பேரும் கணக்கா சொல்லிட்டீங்க. சிங்க் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

கறுத்த சட்டத்தைத் தொடும் முன் தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க. சிங்க் நிறைய தண்ணி பிடிச்சு ஒரேயடியா திறந்து விட்டு, கப்ளிங் (சிங்க் ஓட்டையோட பைப் சேர்ற இடம்) அடியில காஞ்ச டிஷ்யூ பேப்பர் வச்சுப் பிடிங்க. அங்க நனையலைன்னா சிங்க் விளிம்புக்கும் கிரானைட்டுக்கும் நடுவுல இருக்கிற சிலிகான் விட்டிருக்கும். இதை அடைக்காம சட்டத்தை மாத்தறது வீண்.

கீழ்ச் சட்டம் போயிருந்தா முழுசா எடுத்துட்டு, பிவிசி போர்டை அதே கனத்துக்கு ரெண்டு மூணு அடுக்கா ஒட்டி வைங்க. அதுல கீல் வராது, பாரம் இல்லை, தண்ணிக்கும் கவலை இல்லை. நெடுஞ்சட்டத்துக்கு மட்டும் பிவிசி வேண்டாம், கீல் ஸ்குரூ பிடிக்காது. அடிப்பாகம் மட்டும் ஊறியிருந்தா நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி, புது மரத்தைச் சாய்வு வெட்டுல இணைக்கணும். சாய்வோட நீளம் மரத்தோட கனத்தைப் போல நாலு மடங்கு, அதாவது 6 அங்குலம். ரெண்டு டியூப் கலக்கற எபாக்ஸிதான் இதுக்குப் பசை. வெள்ளைப் பசை ஈரமா இருக்கிற பழைய மரத்துல வேலை செய்யாது. புது மரத்தோட அடிக்கால் தரையைத் தொடாம 3 மி.மீ. தூக்கி, சந்தைச் சிலிகான்ல அடைங்க. வீடு கழுவற தண்ணியைக் கால் வழியா உறிஞ்சித்தான் பழசு போயிருக்கும்.

சிலிண்டர் கதவு பத்தி யாரும் சொல்லலை. சமையல் கேஸ் காத்தைவிட கனம், கசிஞ்சா கீழ தேங்கும். அந்தக் கதவை மத்த கதவு மாதிரி மூடிச் செஞ்சுராதீங்க. அடியில ஜாலி வையுங்க, இல்லைன்னா கீழ் ஓரத்தை 2 அங்குலம் தூக்கி நிறுத்துங்க. கதவு மூடும்போது டியூப்பை நசுக்கவோ மடக்கவோ கூடாது. ஆரஞ்சு சுரக்ஷா டியூப்ல போட்டிருக்கிற வருஷத்தையும் அப்பவே பாருங்க, அஞ்சு வருஷம் ஆனா மாத்தணும்.

அம்மாபேட்டை அடுப்படி:

ரொம்ப நன்றிங்க. அளந்தேன். அடுப்பு இருக்கிற நீளப் பக்கத்துல கிரானைட் 40 மி.மீ. நீட்டிக்கிட்டு இருக்கு. சிங்க் இருக்கிற பக்கம் (ரெண்டு திறப்பு, நாலு கதவு) 26 தான். பரண்ல கல் ஒண்ணும் இல்லை, தாராளமா இருக்கு. குத்தூசி சிங்க் கிட்ட ரெண்டு கால்ல மட்டும் இறங்குது.

சிங்க் பக்கம் 12க்குப் பதிலா 6 மி.மீ. பட்டை போட்டா சரியாகுமா?

மூலைமட்டம்:

ஆகாது. 6 போட்டால் கதவு 28 வெளியே வரும், உங்கள் கல் 26. இன்னும் 2 நீட்டும். கீல் ஸ்குரூவும் 30ல் விழும், மரத்தில் பின்னால் மிச்சம் 8 மி.மீ.தான். இரண்டும் கெட்டான்.

சிங்க் பக்கம் நாலு கதவையும் பழையபடி சட்டத்துக்குள் அடங்க விடுங்க. அங்கே 12 மி.மீ. பட்டை வேண்டாம், சுரண்டிய சட்டத்தில் நேராக மைக்கா. கதவு சட்ட முகத்தோடு சமமாக நிற்கும், 26 மி.மீ. கல்லும் அதற்குக் குடை பிடிக்கும். L வடிவ மேடையில் இரண்டு பக்கமும் வேறு திசை பார்ப்பதால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒரே நேர் வரிசையாக இருந்திருந்தால் எல்லாவற்றையும் அடங்கு கதவாகவே போடச் சொல்லியிருப்பேன்.

அளவு மாறும். (730 − 9) ÷ 2 = 360.5, உயரம் 654 − 6 = 648. வெட்டும் அளவு 359 × 646. பிரஸ் போடும் இடத்துக்குப் பட்டியல் கொடுக்கும் முன் இந்த நாலையும் திருத்திவிடுங்க. ஷீட் எண்ணிக்கை மாறாது.

அடங்கு கதவுக்கு ஆட்டோ கீல் உண்டு, ஆனால் அடித்தகடு 37க்கு மேல் கதவின் கனமும் சேர்ந்து 57ல் போகும். உங்கள் சட்டத்தில் அந்த ஆழமே கிடையாது. சாதாரண கீல் என்றால் பிளைவுட் ஓரத்தில் நாலைந்து ஸ்குரூ மட்டும் ஏறி அடுக்கைப் பிளக்கும். அதனால் உயரம் முழுக்க வரும் ஸ்டெயின்லெஸ் பியானோ கீல் போடுங்க, பாரம் முழு ஓரத்துக்கும் பரவும். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் 1.5 மி.மீ. ஓட்டை போட்டுவிட்டு முறுக்கணும். மூட ஒரு காந்தம். ஆட்டோ கீல் 26 போதும், பியானோ கீல் நாலு கதவுக்கு 2.6 மீட்டர்.

L மூலையில் இன்னொரு சிக்கல். இரண்டு பக்கக் கதவின் கைப்பிடியும் ஒன்றையொன்று இடிக்கும். மூலைச் சட்டத்தின் முகம் குறைந்தது 2 அங்குலம் தெரியும்படி விட்டு, மூலையை ஒட்டிய கதவின் கீல் மூலைப் பக்கமா வருகிறது என்று பாருங்க. அப்படியானால் கைப்பிடி எதிர்ப் பக்கம் போய்விடும். இருந்தாலும் துருத்தாத கைப்பிடியாக வாங்குங்க.

நாலு நூல்:

ஆட்டோ கீல் ஓட்டை போடற வேலைதான் வீட்டுல செய்யறதுலயே பயமானது, ஒரு கதவு போனா மொத்த செட்டுக்கும் மேட்ச் ஆகாது.

35 மி.மீ. ஹிஞ்ச் பிட்னு கேட்டு வாங்குங்க. பூட்டுக்கு வட்டம் வெட்டற ஹோல் சா வேண்டாம். கீலோட கிண்ணம், அதாவது கதவுக்குள்ள பதியற வட்டப் பாகம், அதோட மையம் கதவு ஓரத்துலருந்து 22 மி.மீ. மேலருந்தும் கீழருந்தும் 90. ஆழம் 12. பிட்டோட நடு முள்ளு இன்னும் 3, 4 மி.மீ. முன்னாடி போகும், 20 மி.மீ. கதவுல அதோட சேர்த்து 16 ஆச்சு. அதுக்கு மேல அழுத்தினா முன்முக மைக்காவுல பொட்டு மாதிரி கிளம்பும். பிட்டுல 12 அளவுக்கு டேப் சுத்திக்கங்க, கடைசி 2 மி.மீ.க்கு மெஷினை மெதுவா ஓட்டுங்க. முதல் ஓட்டையை வெட்டி விழுந்த துண்டுல போட்டு, கீலை உக்கார வச்சுப் பாத்துட்டுத்தான் கதவைத் தொடணும். கிண்ணம் சாயாம இருக்க மூலைமட்டக் கருவியைக் கதவு மேல நிறுத்தி வச்சுப் பாத்துக்கிட்டே போடுங்க.

ஓட்டைக்குள்ள மைக்கா மூடாம தெரியற மரத்துல வெள்ளைப் பசையை விரலால ஒரு பூச்சு தடவி காய விடுங்க. ஈரம் உள்ள போற வாசல் அதுதான்.

பட்டைக்கு மைக்கா ஒட்ட ரப்பர் பசை. ரெண்டு பக்கமும் தடவி 10, 15 நிமிஷம் விட்டு, விரல் முதுகால தொட்டா நூல் இழுக்கக் கூடாது. ஒட்டினதும் நகத்த முடியாது, அதனால தென்னை ஈர்க்கைப் பட்டை மேல குறுக்க அடுக்கி, அது மேல மைக்காவை வச்சு நேர் பாத்துட்டு, ஒரு கோடியிலருந்து ஈர்க்கை ஒண்ணொண்ணா உருவிக்கிட்டே அழுத்திட்டு வாங்க. சேலத்து ஏப்ரல், மே வெயில்ல பசை பாதி நேரத்துலயே இழுத்துக்கும், காலையில வேலையை வச்சுக்கங்க. அடுப்பை ஒட்டின சட்டத்துக்குச் சூடு தாங்கற வகை ரப்பர் பசை தனியா கேளுங்க. சாதாரணமானது சூட்டுல இளகி மைக்கா ஓரம் தூக்கும்.

அந்தப் பசை வாசனை முழுக்கப் பத்திக்கற சரக்கு. சிலிண்டரை வெளிய எடுத்துருங்க, பிரிட்ஜ் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, ஜன்னல் திறந்து இருக்கட்டும். சாமி விளக்கு பக்கத்து ரூம்ல எரிஞ்சாலும் அணைச்சுட்டுத்தான் டப்பாவைத் திறக்கணும்.

லூப் ரோடு:

அண்ணா, நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஏற்காட்டுல இதே வேலைதான், மர அலமாரி, கல் இல்லை. இங்க கதவு உள்பக்கம் பூஞ்சை, ரப்பர் பசையில ஒட்டின மைக்கா பனிக்காலத்துல அப்படியே தோல் மாதிரி உரிஞ்சு வருது. பசை காஞ்ச மாதிரிதான் இருக்கு, ஆனா பிடிக்கலை. எஸ்டேட்ல வெட்டுன சில்வர் ஓக் பலகை கிடைக்குது, அதுலயே கதவு பண்ணிரலாமா?

மூலைமட்டம்:

தம்பி, பசை கெட்டது இல்லை, காற்று ஈரம். ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் பசை மேல் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் இறங்கும். உற்றுப் பார்த்தால் பசையின் பளபளப்பு போய் லேசாக வெளுத்திருக்கும். தொட்டால் காய்ந்தது மாதிரி இருக்கும், ஒட்டினால் தண்ணீர் மேல் ஒட்டினது போலத்தான். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியோடு, ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டினால் வேறு என்ன ஆகும்?

வெயில் எட்டிப் பார்க்கும் நாளாக, காலை 11லிருந்து 3க்குள் வையுங்க. பலகையும் மைக்காவும் அதே அறையில் இரண்டு நாள் கிடக்கட்டும். பசை தடவும் முன்பே இரண்டையும் ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்குங்க. பசை தடவின பிறகு டிரையர், ஹீட்டர் எதையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. வெளுப்பு தெரிந்தால் ஒட்டாதீங்க, காய விட்டு இன்னொரு கை தடவணும். இதைவிட நல்லது, கதவுகளைச் சேலத்திலேயே பிரஸ் போட்டு, வெட்டி, எட்ஜ் டேப் அடித்து எடுத்துப் போவது. 35 கிலோ வரும் முழு ஷீட்டை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக்கொண்டு போய் அங்கே வெட்டுவதில் எந்த லாபமும் இல்லை. பட்டைக்கான மைக்காவைச் சுருட்டி எடுத்துப் போவதானால் முகம் உள்பக்கமாகத் தளர்வாகச் சுருட்டணும்.

பூஞ்சைக்கு: அலமாரியின் பின்பலகை சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி இருக்கட்டும், கதவின் மேலும் கீழும் காற்று போக வழி வையுங்க. அடைத்து வைத்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. கதவின் நாலு ஓரத்துக்கும் டேப் வேணும், கண்ணுக்குத் தெரியாத மேல் ஓரம், கீழ் ஓரம் உட்பட.

சில்வர் ஓக் பார்க்க அழகு, ரேகை பளிச்சென்று இருக்கும். ஆனால் புதிதாக அறுத்த பலகையில் கதவு செய்தால் காயக் காயக் குவியும். ஒரு அங்குலப் பலகை நிழலில் அடுக்கி, நடுவில் ரீப்பர் வைத்துக் காய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், உங்கள் ஊர் ஈரத்தில் இன்னும் கூடும். அதற்குள் வண்டு துளைக்காமல் மருந்தும் அடிக்கணும். காய்ந்த பிறகும் அகலப் பலகையாகக் கதவுக்கு வேண்டாம். குறுகலாகக் கிழித்துச் சட்ட முகப்புக்குப் போடுங்க.

அம்மாபேட்டை அடுப்படி:

பட்டியலைத் திருத்திட்டேங்க: 359 × 646 நாலு, 378 × 684 ஆறு, 455 × 684 ஒண்ணு, 558 × 530 ஆறு. சிலிண்டர் கதவுக்கு அடியில 2 அங்குலம் தூக்கணும்னா 684ஐக் குறைக்கணும் இல்லையா?

நாலு நூல்:

ஆமாங்க. 455 × 633ன்னு போடுங்க. மேல ஓரம் மத்த கதவோட நேர் இருக்கட்டும், குறையறது அடியில. கீழ்க் கீலோட 90 அளவைக் கதவோட புது அடி ஓரத்துலருந்து எடுங்க. அடித்தகட்டையும் அதுக்குத் தக்கன ஏத்திப் போடணும், இல்லைன்னா பக்கத்துக் கதவோட அளவைப் பாத்துப் போட்டுட்டு கதவு ஏறலைன்னு நிப்பீங்க.